வேட்டை, மீன்பிடி உரிமப் பணத்தை மாநில பட்ஜெட்டிடமிருந்து காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட மாநில அரசின் மீன்பிடி உரிமம் வேண்டும். மான் வேட்டைக்கு வேட்டை உரிமம் வேண்டும். அதற்காகக் கடையிலோ கைப்பேசியிலோ கட்டும் பணம் மாநிலக் கருவூலத்தின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், மாநில மீன்-வனவிலங்குத் துறையின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையை மறந்துவிட்ட இந்தியாவிலிருந்து அங்கே குடியேறியவர்களுக்கு, காட்டுயிர்களைக் காக்கும் செலவில் பெரும் பங்கை வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் சுமக்கிறார்கள் என்பது விநோதமாகத் தோன்றும். ஆனால் அங்குள்ள ஏற்பாடு அதுதான். பல பத்தாண்டுகளாக அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

சிக்கல் பற்றாக்குறை ஆண்டுகளில் வருகிறது. வரி வருவாய் சரிந்து, வரியை உயர்த்தவும் துணிவில்லாத சட்டமன்றத்தின் கண்ணில், இருப்பு உள்ள ஒவ்வொரு தனி நிதியும் உறுத்தும். உரிம நிதியும் அவற்றில் ஒன்று. அதைக் காக்க வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. பட்ஜெட் ஆவணத்தில் எந்த வரியைப் படிப்பது, யாரிடம் என்ன கேள்வியை எப்போது கேட்பது என்று தெரிந்தால் போதும். உரிமம் வாங்கும் எவரும், மீன்பிடிச் சங்கம் நடத்துபவர்களும் பின்பற்றக்கூடிய முறை இது.

படி 1: சட்டத்தின் பல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1930-களில் பல மாநிலங்கள் உரிமக் கட்டணத்தை வசூலித்து, வனவிலங்குகளுக்குத் தொடர்பில்லாத செலவுகளுக்கும் எடுத்துக்கொண்டிருந்தன. துப்பாக்கி, தோட்டா மீதான மத்தியக் கலால் வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் பகிர்ந்தளிக்கும் மசோதாவை, செனட்டின் வனவிலங்குக் குழுவில் பணியாற்றிய கார்ல் ஷூமேக்கர் வரைந்து, செனட்டில் நெவாடாவின் கீ பிட்மனிடமும், பிரதிநிதிகள் சபையில் வர்ஜீனியாவின் வில்லிஸ் ராபர்ட்சனிடமும் கொண்டு போனார். ராபர்ட்சன் அதற்கு முன் வர்ஜீனியாவின் வேட்டை, மீன்வள ஆணையத் தலைவராக இருந்தவர். மாநில அரசுகளின் கை எவ்வளவு நீளும் என்பதை உள்ளிருந்து பார்த்தவர். மசோதாவில் ஒரு வாசகத்தை அவர் சேர்க்கச் சொன்னார். ஆங்கிலத்தில் 29 சொற்கள்தான். வேட்டைக்காரர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தை மாநில மீன்-வேட்டைத் துறையின் நிர்வாகம் தவிர வேறு எதற்கும் மடைமாற்றக் கூடாது என்று தடைசெய்யும் சட்டத்தை மாநிலம் இயற்றியிருந்தால்தான் மத்தியப் பணம் கிடைக்கும் என்பது அதன் சாரம். 1937 செப்டம்பர் 2 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட, அது பிட்மன்-ராபர்ட்சன் சட்டமானது. 1950-இல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் அதே நிபந்தனையை மீன்பிடி உரிமத்துக்கும் விரித்தது.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். மாநிலத்தின் பணத்தில் மத்திய அரசு நேரடியாகக் கைவைக்கவில்லை. "உங்கள் உரிமப் பணத்தை நீங்கள் எடுத்தால், எங்கள் வரிப் பங்கு உங்களுக்கு இல்லை" என்று மட்டும் சொல்கிறது. அந்தப் பங்கு சிறியதன்று. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், பெரும்பாலான தூண்டில் சாதனங்களுக்கு 10 சதவீதம் என்று உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலாகும் வரி, மோட்டார் படகு எரிபொருள் வரியின் ஒரு பகுதி ஆகியவை சேர்ந்து இப்போது ஆண்டுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டுகின்றன.

பகிர்வு சூத்திரமும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வாதம் அதில்தான் நிற்கிறது. 1937 சட்டத்தின் கீழ் வரும் வனவிலங்கு நிதியின் முதன்மைப் பங்கீட்டில் பாதி மாநிலத்தின் பரப்பளவையும், பாதி உரிமம் வைத்திருப்போர் எண்ணிக்கையையும் பொறுத்தது. 1950 சட்டத்தின் கீழ் வரும் மீன் நிதியில் 40 சதவீதம் நிலம் மற்றும் நீர்ப்பரப்பு, 60 சதவீதம் உரிமதாரர் எண்ணிக்கை. எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது. வனவிலங்கு நிதியில் அலாஸ்காவும் டெக்சாசும் அந்த உச்சவரம்பைத் தொடுபவை. திட்டச் செலவில் மத்திய அரசு 75 சதவீதம் வரை தரும், மீதி 25-ஐ மாநிலம் போட வேண்டும். அந்த 25 பெரும்பாலும் உரிமப் பணத்திலிருந்தே வருகிறது. ஆகவே உரிம நிதியிலிருந்து ஒரு டாலரை எடுப்பவர், அது இழுத்து வரக்கூடிய மூன்று டாலரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். சட்டமன்ற உறுப்பினரிடம் வனவிலங்குகளின் அழகைப் பற்றிப் பேசுவதைவிட இந்தக் கணக்கைச் சொல்வது பல மடங்கு பலன் தரும்.

படி 2: எது உரிம வருவாய், எது இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மத்திய ஒழுங்குமுறைத் தொகுப்பின் (சி.எஃப்.ஆர்.) 50-ஆம் தலைப்பில் 80-ஆம் பகுதிதான் உங்கள் கைநூல். அதில் 80.10, 80.20, 80.21, 80.22 ஆகிய நான்கு பிரிவுகளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீளமானவை அல்ல.

80.20 சொல்வது பலர் நினைப்பதைவிட விரிவானது. உரிமம், அனுமதிச் சீட்டு, முத்திரை, விலங்குக்கான குறிச்சீட்டு ஆகியவற்றின் விலை மட்டுமல்ல. அந்தப் பணத்துக்குக் கிடைத்த வட்டி, அந்தப் பணத்தில் வாங்கிய நிலம், வண்டி, கட்டடம், அந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரும் தொகை, அதில் வெட்டிய மரமோ எடுத்த எரிவாயுவோ விற்ற பணம் எல்லாமே உரிம வருவாய்தான். 1950-களில் உரிமப் பணத்தில் வாங்கிய ஒரு சதுப்பு நிலம் இன்றும் இந்தப் பாதுகாப்புக்குள் இருக்கிறது.

வராதவையும் உண்டு. ஒழுங்குமுறை பேசுவது பொழுதுபோக்குக்கான வேட்டை, மீன்பிடியைப் பற்றி. வணிக மீன்பிடி உரிமம் இதில் சேராது. படகுப் பதிவுக் கட்டணமும் அபராதத் தொகையும் பட்டியலில் இல்லை. உரிமம் விற்கும் கடைக்காரர் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளும் கழிவும் கழிந்துவிடும். நீர்ப்பறவை வேட்டைக்காரர் வாங்கும் மத்திய வாத்து முத்திரை வேறு கணக்கு. அதை மாநிலம் தொட வழியே இல்லை. இந்தப் பிரிவினை தெரியாமல் படகுக் கட்டணத்தை மாற்றியதற்கு எதிராக "மத்திய நிதி போய்விடும்" என்று கூச்சலிட்டால், அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போது உங்கள் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

படி 3: உங்கள் மாநிலத்தின் பூட்டு எவ்வளவு வலுவானது என்று பாருங்கள்

எல்லா மாநிலங்களும் மத்தியச் சட்டத்தை ஏற்கும் இசைவுச் சட்டம் இயற்றியிருக்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொன்றும் ஒரு விதம். மிசௌரி 1936-இலேயே வாக்காளர்கள் வழியாக அரசியலமைப்பில் பாதுகாப்பு ஆணையத்தை உண்டாக்கி, அதன் வருவாயையும் அதற்கே ஒதுக்கியது. மிச்சிகனில் 2006-இல் மக்கள் வாக்களித்து வேட்டை-மீன் நிதியை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தார்கள். புளோரிடாவின் அரசியலமைப்பு வனவிலங்கு, நன்னீர் மீன் உரிமக் கட்டணத்தை ஆணையத்தின் பணிக்கே ஒதுக்க வேண்டும் என்கிறது. மெய்னின் வழி தனி: உள்நாட்டு மீன்வள-வனவிலங்குத் துறைக்கு ஒதுக்கும் தொகை, அத்துறை திரட்டும் வருவாயைவிடக் குறையக் கூடாது.

மற்ற பல இடங்களில் பூட்டு என்பது சாதாரணச் சட்டம் மட்டுமே. சாதாரணச் சட்டத்தை இன்னொரு சாதாரணச் சட்டம் மாற்றிவிடும். அதுவும் "வேறு எந்தச் சட்டம் எதைச் சொன்னாலும்" என்று தொடங்கும் ஒரே வாக்கியம் போதும். பட்ஜெட் மசோதாக்களில் நான் முதலில் தேடும் சொற்றொடர் அதுதான்.

படி 4: நிதியின் கணக்கைக் கையில் எடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் மொத்த வேலையின் இதயமே இதுதான்.

உங்கள் மாநிலத்தில் உரிமப் பணம் விழும் நிதியின் சரியான பெயரையும் கணக்கு எண்ணையும் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பெயர் வேறு; டெக்சாசில் அது ஒன்பதாம் எண் கணக்கு. பெயர் கிடைத்ததும் கடைசி ஐந்து ஆண்டுகளின் நிதி நிலை அறிக்கையைத் தேடி எடுங்கள். இணையத்தில் இல்லையென்றால் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஐந்து ஆண்டுகளையும் அருகருகே வைத்து இவற்றைப் பாருங்கள்:

முதலாவது, ஒரு ஆண்டின் இறுதி இருப்பும் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா? இல்லையென்றால் நடுவில் "முந்தைய ஆண்டுச் சரிக்கட்டல்" என்று ஒரு வரி இருக்கும். அது என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்பாவித்தனமான கணக்குத் திருத்தம்தான். எப்போதும் அல்ல.

இரண்டாவது, வட்டி. நிதியில் நிறைய இருப்பு இருந்தும் வட்டி வரி பூஜ்யமாக இருந்தால், அந்த வட்டி வேறெங்கோ வரவாகிறது. சட்டமன்றத்துக்கே தெரியாமல், கருவூலத்தின் பழைய வழக்கத்தால் மட்டும் இது நடக்கலாம். தொகை சிறிதானாலும் வட்டி உரிம வருவாய் என்று ஒழுங்குமுறை தெளிவாகச் சொல்வதால், நீங்கள் எளிதில் வெல்லக்கூடிய கேள்வி இது.

மூன்றாவது, "பிற நிதிகளுக்கு மாற்றம்" என்ற வரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை அனுமதித்த சட்டப் பிரிவைக் கேளுங்கள்.

நான்காவது, வரவு. உரிம விற்பனை எண்ணிக்கையை விலையால் பெருக்கி, கடைக்காரர் கழிவைக் கழித்துத் தோராயமாக ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மாநிலமும் சான்றளிக்கும் உரிமதாரர் எண்ணிக்கையை, இந்த மானியங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான அமெரிக்க மீன்-வனவிலங்குச் சேவை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எண்கள் அச்சாகப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம். இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிகிறதா என்பதே கேள்வி.

இதைத் தனியாளாகச் செய்ய வேண்டியதில்லை. மின்னசோட்டாவில் வேட்டை-மீன் நிதியின் செலவை ஆண்டுதோறும் ஆராயக் குடிமக்கள் குழுக்களைச் சட்டமே அமைத்திருக்கிறது. உங்கள் மாநிலத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், கேட்டுப் பெற வேண்டிய முதல் சீர்திருத்தம் அதுவே. செலவு ஏறக்குறைய இல்லை, பலன் நிரந்தரம்.

படி 5: மடைமாற்றத்தின் வேடங்களை அடையாளம் காணுங்கள்

"உரிம நிதியிலிருந்து ஒரு கோடி டாலர் பொது நிதிக்கு" என்று பச்சையாக எழுதப்படும் மசோதா அரிது. அப்படி வந்தால் மகிழுங்கள், அதைத் தடுப்பது எளிது. கடினமானவை சத்தமில்லாமல் வருபவை.

கடன் என்ற பெயரில் ஒன்று வரும். "அடுத்த ஆண்டு திருப்பித் தருவோம்" என்பார்கள். திருப்பும் தேதியும் வட்டியும் எழுதப்படாத கடன், கடனே அல்ல. எழுதப்பட்டிருந்தாலும் பணம் துறையின் கட்டுப்பாட்டை விட்டு வெளியேறிவிட்டதா என்பதே 80.10-இன் அளவுகோல். கட்டுப்பாடு, பயன்பாடு ஆகிய இரண்டு சொற்களும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. வாதிடும்போது இரண்டையும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது ஆட்களின் நேரம். உரிமப் பணத்தில் சம்பளம் வாங்கும் வனவிலங்குக் காவலரை வேறு காவல் பணிக்கு அனுப்பினால், அந்த மணிநேரங்களுக்கு உரிமதாரர்தான் கூலி கொடுக்கிறார். வெள்ளம், காணாமல் போனவரைத் தேடுவது போன்ற அவசரங்களில் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. மாதக்கணக்கில் நீளும் பணிமாற்றம் வேறு விஷயம். நேரப் பதிவேடு சரியாக இருக்கிறதா, அந்த நேரத்துக்குப் பொது நிதி ஈடுசெய்கிறதா என்று கேளுங்கள்.

நிலத்தில் நடப்பது மிக மெதுவானது, இழப்பு மிகப் பெரியது. உரிமப் பணத்தில் வாங்கிய வனவிலங்குப் பகுதியின் ஓரத்தில் இன்னொரு துறை அலுவலகம் கட்டும், சாலை அகலமாகும், வாடகை பேசப்படாது. துறை தன் நிலங்களின் பட்டியலை, எந்தப் பணத்தில் வாங்கியது என்ற குறிப்போடு வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பத்திரங்களில் அந்தக் குறிப்பு விடுபட்டிருந்தால், இப்போதே சரிசெய்ய வைப்பது நல்லது.

துறைகளை இணைக்கும்போது விழிப்பு இன்னும் அதிகம் தேவை. கொலராடோவில் 2011-இல் பூங்காத் துறையும் வனவிலங்குத் துறையும் ஒன்றாயின. இத்தகைய இணைப்பில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பணப்பெட்டிகள் இருக்கும்போது, பொது அலுவலகச் செலவு எந்த விகிதத்தில் பிரிகிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். மாநிலத்தின் மையச் சேவைகளான கணினி, சட்டம், மனிதவளம் ஆகியவற்றுக்கு விதிக்கப்படும் பங்கும் இதே வகை. மத்திய மானியத்தைப் பொறுத்தவரை, துறைக்கு வெளியே உள்ள மையச் சேவைச் செலவுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 3 சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. உரிமப் பணத்திலிருந்து எடுப்பது அந்த அளவைப் பெரிதும் தாண்டினால் காரணம் கேட்கலாம்.

இவை தவிர, மடைமாற்றம் என்று சட்டப்படி சொல்ல முடியாத இரண்டு தந்திரங்கள் உண்டு. பணத்தை எடுக்காமலே செலவழிக்க விடாமல் வைத்திருப்பது ஒன்று. டெக்சாசில் தனி ஒதுக்கீட்டுக் கணக்குகளின் செலவாகாத இருப்பு, பட்ஜெட் சமநிலைச் சான்றுக்கு நெடுங்காலம் கைகொடுத்திருக்கிறது. காகிதத்தில் பணம் கணக்கிலேயே இருக்கும். ஏரியில் மீன்குஞ்சு விடுவதற்கு மட்டும் கிடைக்காது. இரண்டாவது, பொது நிதியிலிருந்து துறைக்கு வந்துகொண்டிருந்த பணத்தைக் குறைத்து, "உரிமக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளுங்கள்" என்பது. இவற்றுக்கு எதிராக மத்தியச் சட்டம் உதவாது. இங்கே அரசியல் வாதம் மட்டுமே எடுபடும். அதைச் சட்ட வாதமாக வேடமிட்டுச் சொல்லாதீர்கள்.

முதியோருக்கும் முன்னாள் படைவீரருக்கும் இலவச உரிமம் தரும் மசோதாக்களும் வருவாயை அரிக்கும். எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. எதிர்க்க வேண்டியதுமில்லை. சலுகையின் செலவைப் பொது நிதி ஈடுசெய்யட்டும் என்று ஒரு திருத்தம் கேளுங்கள்.

படி 6: பட்ஜெட் நாட்காட்டியோடு நடங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஏப்ரல் 1, டெக்சாசில் செப்டம்பர் 1, மிச்சிகன், அலபாமாவில் அக்டோபர் 1. உங்கள் மாநிலத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆளுநரின் வரைவு வெளியாகும் வாரத்தில் உங்கள் நிதியின் பெயரை ஆவணம் முழுவதும் தேடுங்கள். குழு விசாரணையில் பேசப் பெயர் கொடுங்கள். இரு அவைகளின் வடிவங்களையும் இணைக்கும் சமரசக் குழு கூடும் கடைசி நாட்களில் தினமும் பாருங்கள்; விசாரணையில் ஒருபோதும் தலைகாட்டாத பிரிவுகள் நள்ளிரவில் முளைப்பது அப்போதுதான்.

படி 7: கேள்வியை எழுத்தில் வையுங்கள்

துறை அதிகாரிகள் வெளிப்படையாக ஆளுநரின் பட்ஜெட்டை எதிர்க்க முடியாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஆகவே அவர்களுக்குத் தேவை ஒரு கேள்வி. ஒதுக்கீட்டுக் குழுத் தலைவருக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இப்படி எழுதுங்கள், நகலைத் துறை இயக்குநருக்கு அனுப்புங்கள்:

"இந்த மசோதாவின் குறிப்பிட்ட பிரிவு, பெயரிடப்பட்ட நிதியிலிருந்து இவ்வளவு டாலரை வேறு நிதிக்கு மாற்றுகிறது. அந்த நிதியில் வேட்டை, மீன்பிடி உரிம வருவாய் இருக்கிறது. இந்த மாற்றம் 50 சி.எஃப்.ஆர். 80.10-க்கு உட்பட்டதா என்று அமெரிக்க மீன்-வனவிலங்குச் சேவையிடம் கருத்துக் கேட்கப்பட்டதா? கேட்கப்பட்டிருந்தால் அதன் நகலைத் தர வேண்டுகிறோம். கேட்கப்படவில்லையென்றால், வாக்கெடுப்புக்கு முன் கேட்குமாறு வேண்டுகிறோம். நம் மாநிலம் கடந்த ஆண்டு இந்த இரு சட்டங்களின் கீழ் பெற்ற தொகை இவ்வளவு."

குற்றச்சாட்டு ஒன்றுமில்லை, இருந்தும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. கடைசி வாக்கியத்தின் எண்ணை மட்டும் சரிபார்த்து எழுதுங்கள். மாநிலவாரி ஒதுக்கீடு ஒவ்வொரு ஆண்டும் வெளியாகிறது. சேவையின் வட்டார அலுவலகத்தில் இந்த மானியங்களைக் கவனிக்கும் பிரிவு உண்டு. அவர்களுக்கும் மசோதாவின் நகலை அனுப்பலாம். அங்கிருந்து வரும் எச்சரிக்கைக் கடிதத்துக்கு, ஆயிரம் கையெழுத்து மனுவுக்கு இல்லாத கனம் உண்டு.

படி 8: பணம் போய்விட்டால்

மாநிலம் மடைமாற்றத்தில் இருக்கிறது என்று அறிவிக்கும் அதிகாரம் மீன்-வனவிலங்குச் சேவையின் இயக்குநர் ஒருவருக்கே உண்டு. அதை விலக்கும் அதிகாரமும் அவருக்கே. அவர் கையெழுத்திட்ட நாள் முதல், சிக்கல் தீரும் வரை, தொடர்புடைய சட்டத்தின் கீழ் மாநிலம் புதிய பலன் பெறத் தகுதியற்றது. முன்பே ஒப்பளிக்கப்பட்ட திட்டங்களின் பணம் பாதிக்கப்படாது.

தீர்வு 80.22-இல் இருக்கிறது. எடுத்த ரொக்கத்தை, இழந்த வட்டியோடு திருப்பி, ரசீதை மாநிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சொத்து என்றால் அதன் கட்டுப்பாட்டைத் துறை மீட்க வேண்டும், அல்லது ஈடான மாற்றுச் சொத்தையோ இன்றைய சந்தை மதிப்பையோ பெற வேண்டும். இடைக்கால வாடகையும் சேரும். தேவைப்பட்டால் சட்டமன்றம் புதிய தடைச் சட்டமும் இயற்ற வேண்டும்.

இந்தக் கட்டத்தில் நிதானம் தேவை. அறிவிப்பு வெளியானால் முதலில் நிற்பது ஏரியில் மீன் விடும் பணியும் வாழிட மேம்பாடும்தான். பணத்தை எடுத்தவருக்கு நேரடியாக வலிக்காது. அதனால் அறிவிப்பை நோக்கி ஓடாமல், அது வரக்கூடும் என்ற நிலையிலேயே பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். அடுத்த துணை ஒதுக்கீட்டு மசோதாவில் "வட்டியோடு திருப்பு" என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சம்மதிக்கும் உறுப்பினர் ஒருவரைப் பிடியுங்கள். தவறை ஒப்புக்கொள்ளச் சொல்லாதீர்கள். "மத்திய விதிக்கு இணங்க" என்று எழுதச் சொன்னால் இரு கட்சியினரும் வாக்களிப்பார்கள்.

படி 9: தணிக்கை அறிக்கையைப் படியுங்கள்

அமெரிக்க மத்திய உள்துறையின் (அங்கே அது காவலை அல்ல, நிலத்தையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் துறை) தலைமை ஆய்வாளர் அலுவலகம், இந்த மானியங்களைப் பெறும் ஒவ்வொரு மாநிலத்தையும் ஐந்து ஆண்டுச் சுழற்சியில் தணிக்கை செய்கிறது. அறிக்கைகள் எல்லோருக்கும் திறந்தவை. உங்கள் மாநிலத்தின் கடைசி அறிக்கையை எடுத்து, "மடைமாற்றத்துக்கு வாய்ப்பு" என்ற குறிப்பு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். கூடவே முந்தைய அறிக்கையையும் வையுங்கள். ஒரே குறை இரண்டிலும் இருந்தால், அதற்குத் துறை ஒப்புக்கொண்ட திருத்த நடவடிக்கை என்ன, கெடு எது என்று எழுதிக் கேளுங்கள். பதில் கிடைத்ததும் சங்கத்தின் கோப்பில் தேதியோடு சேருங்கள். தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் ஒதுக்கீட்டுக் குழுவில் அமரும் முதல் மாதத்தில், அந்தக் கோப்பின் ஒரு பக்கச் சுருக்கத்தை ஒவ்வொருவர் அலுவலகத்திலும் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள். அதை வாங்கிக்கொள்ளும் பட்ஜெட் உதவியாளரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மசோதா வரும்போது நீங்கள் முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டியது அவரைத்தான்.